காலாவதியான பாலிசின்னு தூக்கிப் போட இருந்தோம்... உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

இங்க ஃபேக்டரி ஆபீஸ்ல, அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவங்க யாருக்காவது இந்த அனுபவம் இருந்தா சொல்லுங்க, முதல்ல என் கதை.

நான் சிங்கப்பூர் ஜூரோங்ல ஒரு அமெரிக்கக் கம்பெனியோட கிளையில 11 வருஷமா அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். தாய்க் கம்பெனிக்கு நியூ ஜெர்சில ஒரு ஃபேக்டரி இருந்துச்சு, எப்பவோ மூடியாச்சு. ஆனா இரும்புல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போக ட்ரைக்ளோரோஎத்திலீன்ங்கிற கெமிக்கலை ஊத்தி ஊத்திக் கழுவினது தரையில இறங்கி நிலத்தடித் தண்ணி வரைக்கும் போயிருக்கு. அங்க 1980ல வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் லேசுப்பட்டது இல்ல, கொட்டின அன்னிக்கு அது சட்டப்படி தப்பே இல்லாட்டியும் இன்னிக்கு சுத்தம் பண்ற செலவு உன் தலையிலதான்.

ஒருநாள் அவங்க வக்கீல்கிட்ட இருந்து மெயில், 1986க்கு முந்தின இன்சூரன்ஸ் பேப்பர் எது இருந்தாலும் தேடுங்கன்னு. ஆபீஸே சிரிச்சுது, முடிஞ்சு நாப்பது வருஷம் ஆன பாலிசியை வச்சு யாரு காசு குடுப்பான்னு. அப்புறம் ஜூம்ல அந்த வக்கீல் அம்மா விளக்கினாங்க, போன வருஷம் கார் இடிச்சதுக்கு போன வருஷ இன்சூரன்ஸ்தானே குடுக்கணும், இதுவும் அதே கணக்கு, அந்தக் காலத்து லயபிலிட்டி பாலிசி (நம்மால மத்தவங்களுக்கு ஆன சேதத்துக்குக் குடுக்கிற இன்சூரன்ஸ்) எல்லாம் சேதம் எந்த வருஷம் நடந்துச்சோ அந்த வருஷத்துப் பாலிசிதான் பதில் சொல்லணும், கேஸ் எப்ப வந்தாலும் சரின்னு. 1986 ஏன்னா, அந்த சமயத்துலதான் அமெரிக்கால ஸ்டாண்டர்ட் பாலிசியில மாசு சம்பந்தமா எதுவும் குடுக்க முடியாதுன்னு முழுசா கதவைச் சாத்தினாங்களாம். அதுக்கு முந்தி 70கள்ல இருந்து ‘திடீர்னு, தற்செயலா’ நடந்தா உண்டுன்னு ஒரு வரி, அந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஒவ்வொரு மாநிலக் கோர்ட்டும் ஒவ்வொண்ணு சொல்லுது. நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் 1993ல, இந்த வரியைச் சேர்க்க அனுமதி வாங்கினப்போ இதனால கவர் ஒண்ணும் குறையாதுங்கிற மாதிரி சொல்லிட்டு இப்ப மாத்திப் பேசக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிங்களைக் குட்டியிருக்கு. எங்களுக்கு நல்ல காலம்.

ஆனா பாலிசியே இல்லையே! அமெரிக்கால எல்லாத்தையும் ஷ்ரெட் பண்ணிட்டாங்க. எங்க ஸ்டோர்ல 60 பெட்டி, ‘இன்சூரன்ஸ்’னு எழுதின நாலையும் முதல்ல பிரிச்சோம், லாரி ரோட் டாக்ஸ், ஆஸ்பத்திரி பில், அவ்வளவுதான். ரெண்டு வாரம் போச்சு. கடைசியில 70கள்ல இங்க கிளார்க்கா இருந்த பெரியவரைத் தேடிப் புடிச்சு பூன் லே காப்பிக்கடையில பாத்தேன். கோப்பி ஓ கோசோங்கை சாசர்ல ஊத்தி ஆத்திக்கிட்டே, "இன்சூரன்ஸ் ஃபைல்ல தேடாதீங்க தம்பி, டெண்டர் ஃபைல்ல தேடுங்க. இன்சூரன்ஸ் இருக்குங்கிற சர்டிஃபிகேட்டை கஸ்டமர் கேட்டாதான் நாங்க அமெரிக்காவுக்கு எழுதி வாங்குவோம்"னாரு.

மறுநாளே கிடைச்சுது. ஒரு டெண்டரோட பின்பக்கம், துருப்பிடிச்ச ஸ்டேப்ளர் முள், வெங்காயத் தோல் மாதிரி பேப்பர், இங்க இருக்கிற ஈரத்துக்கு முன் தாளோட ஒட்டிக்கிட்டு. நீராவி காட்டிப் பிரிக்கலாமான்னு கேட்டதுக்கு வக்கீல் அலறிட்டாங்க, தொடாதீங்க அப்படியே வைங்கன்னு. இன்சூரன்ஸ் கம்பெனி பேரு, பாலிசி நம்பர், 1978-79, அதுக்கு மேல ஒரு அம்ப்ரெல்லா பாலிசி (முதல் பாலிசியோட தொகை தீர்ந்தா மேல குடுக்கிறது) நம்பரும். வெறும் சர்டிஃபிகேட்தான், பாலிசி இல்ல, ஆனா அந்த நம்பரை வச்சு அவங்க ரெக்கார்டுல தேட வைக்க அது போதும். இப்ப பேச்சுவார்த்தை நடக்குது. வயித்தெரிச்சல் என்னன்னா, முதல் ரெண்டு வருஷம் எங்க ஆளுங்க இன்சூரன்ஸ்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம காண்ட்ராக்டருக்குக் காசு கட்டிட்டாங்க, எங்களைக் கேக்காம குடுத்ததுக்கு நாங்க பொறுப்பில்லன்னு கையை விரிக்கிறாங்க.

துவாஸ் அக்கா:
உங்களுக்காவது அமெரிக்கா தம்பி. எங்க மாமனார் ஆரம்பிச்ச ப்ளேட்டிங் (உலோக முலாம் பூசுற) வொர்க்‌ஷாப், லீஸ் முடிஞ்சு இடத்தைத் திருப்பிக் குடுக்கறப்போ மண்ணைத் தோண்டி மாசு இருக்கான்னு பாக்குற பேஸ்லைன் ஸ்டடி ரிப்போர்ட் குடுக்கணும்ல, ட்ரம் வைக்கிற மூலையில நிக்கலும் எண்ணெயும் அளவுக்கு மேல. 90கள்ல எடுத்த பப்ளிக் லயபிலிட்டி பாலிசியை அவரு பீரோவுல பூஜை சாமானோட பத்திரமா வச்சிருந்தாரு, ஆசையா எடுத்துட்டுப் போனோம். ரெண்டே வரியில பதில் வந்துச்சு: கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சது கவர்ல இல்ல, அதோட அந்த நிலம் உங்க பொறுப்புல இருந்த நிலம், மூணாவது ஆளோட சொத்து இல்ல. மண்ணை அள்ளி லாரில ஏத்தினது எல்லாம் எங்க கைக்காசு. பாலிசி இருந்தா மட்டும் போதாது, உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும் போல, நாங்க அதுவரைக்கும் பிரிச்சே பாக்கல.

புரோக்கர் வேலை பாத்தவன்:
அக்கா சொல்றது ரொம்ப சகஜம். ஒருவேளை பக்கத்து லாட்டுக்குத் தண்ணி வழியா போயிருந்து அவங்க கேஸ் போட்டிருந்தா ‘சொந்தப் பொறுப்பு’ங்கிற சாக்கு நின்னிருக்காது, கசிவுங்கிற சாக்கு மட்டும் மிஞ்சியிருக்கும். இன்னொரு சிக்கலும் இருக்கு. இங்கிலாந்து ஹைகோர்ட் 2006ல ஒரு பசை ஃபேக்டரி கேஸ்ல, தீயணைச்ச நுரையும் கெமிக்கலும் ஓடையில கலந்து, அரசு ஏஜென்சி சுத்தம் பண்ணிட்டு பில் அனுப்பினப்போ, இது சட்டப்படி கட்ட வேண்டிய கடன், ‘நஷ்டஈடு’ இல்ல, பப்ளிக் லயபிலிட்டி குடுக்காதுன்னு சொல்லிருச்சு. இங்க அது கட்டாயம் இல்லன்னாலும் எடுத்துப் பேசுவாங்க. அமெரிக்கால பெரும்பாலான கோர்ட்டு நேர் எதிர், க்ளீனப் செலவும் நஷ்டஈடுதான்னு. அதனாலதான் அங்க பழைய பேப்பர் தேடறதுக்குன்னே ஆள் இருக்காங்க, இங்க நான் கேள்விப்பட்டதில்ல.

புக்கிட் பாத்தோக்:
எங்க ஆபீஸ்ல டாக்ஸுக்கு 5 வருஷம் வச்சா போதும்னு எல்லாத்தையும் ஒரே ரூல்ல கிழிச்சாச்சு. அமெரிக்கக் கிளைதான் நாங்களும். பழைய புரோக்கர் கம்பெனியும் இப்ப இல்ல, இனிமே யாரைக் கேக்கிறது?

முதல்ல எழுதினவன்:
புரோக்கர் மூடியிருக்க மாட்டாரு ப்ரோ, யாரோ வாங்கியிருப்பாங்க, வாங்கினவங்ககிட்ட கேளுங்க. ஆடிட்டர், லோன் குடுத்த பேங்க், பழைய கஸ்டமர், இவங்க ஃபைல்லயும் சர்டிஃபிகேட் காப்பி கிடக்கும், போர்டு மினிட்ஸ்ல பிரீமியம் கட்டினது இருக்கும். லண்டன் லாய்ட்ஸ் (பழைய இன்சூரன்ஸ் சந்தை) பேரு எங்கயாவது கண்ணுல பட்டா விடாதீங்க, 1992 வரைக்குமான அவங்க பழைய பொறுப்பை எல்லாம் 1996ல ஈக்விட்டாஸ்னு தனியா பிரிச்சு வச்சாங்க, கேக்க ஒரு இடம் இருக்கு. அதுக்கு முந்தி உங்க ஆபீஸ்ல ரிட்டையர் ஆனவங்க யாரு இங்க இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்க, எங்க பெரியவருக்கு இப்ப 81.