காலை வெயிலில் நின்றும் தூக்கம் இன்னும் தள்ளிப்போகிறது, ஏன்?

தேன்மொழி:
தம்பிக்கு ராத்திரி 3 மணிக்கு முன் தூக்கம் வராது. விட்டால் காலை 11 வரை தூங்குவான். அடுத்த மாதம் வேலையில் சேர்கிறான், 6 மணிக்கு எழுந்தாக வேண்டும். காலை வெளிச்சம் நல்லது என்று படித்துவிட்டு, ஒரு வாரமாக 6 மணிக்கே எழுப்பி மொட்டைமாடியில் நிற்க வைக்கிறோம். போனில் மஞ்சள் திரையும் போட்டாயிற்று. ஆனால் இப்போது 4 மணிக்குத்தான் கண்ணயர்கிறான். எதில் தப்பு?

மருதன்:
வெளிச்சத்தில் தப்பில்லை, நேரத்தில்தான். மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்னக் கொத்து ஒன்று இருக்கிறது. அதுதான் உடலின் கடிகாரம். தன்போக்கில் விட்டால் பெரும்பாலானோருக்கு அது ஒரு சுற்று சுற்ற 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளும். தினமும் அதைத் திருத்தி வைப்பது கண்ணில் விழும் வெளிச்சம்.

எந்தப் பக்கம் திருத்தும் என்பதுதான் இங்கே விஷயம். தானாக விழிப்பதற்கு 2, 3 மணி நேரம் முன்பு உடல் வெப்பநிலை மிகக் கீழே இறங்கும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் தூக்கத்தை முன்னுக்குக் கொண்டுவரும்; அதற்கு முன்பு பட்டால் பின்னுக்குத் தள்ளும். 11 மணிக்கு விழிப்பவருக்கு அந்த நேரம் காலை 8-லிருந்து 9-க்குள் வரும். ஆகவே 6 மணி வெளிச்சம் தம்பியின் உடலுக்கு நடுராத்திரியில் போட்ட விளக்கு.

முதலில் 6 மணி அலாரத்தை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் தானாக எழட்டும், அறை நன்றாக இருட்டாக இருக்கட்டும். எழுந்த பத்து நிமிடத்தில் வெளியே போய் 30 முதல் 45 நிமிடம் இருக்க வேண்டும். பிறகு எழுவதையும் வெளியே போவதையும் நாளுக்கு அரை மணி முன்னால் நகர்த்துங்கள்: 10.30, 10, 9.30 என்று. 6-க்கு வர பத்துப் படிகள். ஒரு படியில் தூக்கம் கூடவே நகராவிட்டால் அங்கேயே இரண்டு நாள் நில்லுங்கள். தாவினால் மறுபடி அந்தத் தப்பான பக்கத்தில்தான் விழுவீர்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, தேவையும் இல்லை. மேகமூட்டமான பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருக்கும். வீட்டுக்குள் பெரும்பாலும் 100 முதல் 300தான், ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளினாலே மளமளவென்று குறையும்.

கயல்:
மருதன் சொன்னது காலைப் பாதி. சாயங்காலப் பாதியைக் கவனிக்காவிட்டால் சம்பாதித்த அரை மணி அன்றைக்கே போய்விடும்.

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி உள்ள செல்கள்தான் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி அவற்றை அதிகம் தூண்டும், அதனால் மஞ்சள் திரை தப்பில்லை. ஆனால் தலைக்கு மேல் வெள்ளை டியூப்லைட் எரியும்போது போனை மட்டும் மஞ்சளாக்கிப் பயனில்லை. கண்ணுக்குப் போவதில் பெரும்பங்கு அந்த விளக்கிலிருந்துதான்.

2022-இல் நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரை இது: பகலில் கண்ணருகே குறைந்தது 250, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து அதிகபட்சம் 10, தூங்கும் இடத்தில் அதிகபட்சம் 1. இவை மெலனாப்பிக் லக்ஸ், அதாவது அந்தச் செல்களின் கணக்கில் அளந்தது. 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் சாதாரண லக்ஸில் ஏறக்குறைய பாதிதான் இந்தக் கணக்கில் வரும். ஆகவே சாயங்காலத்தில் லக்ஸ் மீட்டர் 20-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும்.

அளக்கும்போது மீட்டரை மேஜையில் படுக்க வைக்காதீர்கள். கண் மட்டத்தில், பார்வை போகும் திசையை நோக்கிப் பிடியுங்கள். போன் செயலிகள் துல்லியமாக இருக்காது, ஆனால் 10-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். மேல் விளக்கை அணைத்துவிட்டு, இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு சின்ன மஞ்சள் பல்பு, அதுவும் சுவர்ப்பக்கம் திருப்பியது. பெரும்பாலான அறைகளுக்கு இது போதும்.

தேன்மொழி:
இருவருக்கும் நன்றி. ஞாயிறு மட்டும் கூடத் தூங்கலாமா? மெலடோனின் (தூக்க ஹார்மோன்) மாத்திரை உதவுமா?

மருதன்:
ஞாயிறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காலை வெளிச்சம் தவறும், அன்றிரவு தூக்கம் தாமதமாகும், திங்கட்கிழமை அலாரம் மறுபடி உடல் கடிகாரத்துக்கு முன்கூட்டியே அடிக்கும்.

மெலடோனினுக்கும் நேரம்தான் முக்கியம். படுக்கும்போது போட்டால் கடிகாரம் பெரிதாக நகராது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பே, சிறிய அளவில் போட வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இருமுனைக் கோளாறோ (பைபோலார்) விழித்திரை நோயோ இருந்தால், பிரகாசமான விளக்கின் முன் உட்காரும் ஒளிப்பெட்டி சிகிச்சைக்கும் முன்கூட்டியே கேட்க வேண்டும், இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு அது பித்துநிலையைத் தூண்டக்கூடும்.

மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். பாதி காஃபீன் உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூங்கிய, விழித்த நேரங்களைத் தினமும் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அசையாவிட்டால் அந்தக் குறிப்போடு தூக்க மருத்துவரிடம் போங்கள், அவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.