ஓப்பனிங் புக் போட்டால் செஸ் என்ஜின் பலமாகுமா?

செந்தூல் தம்பி:
அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் காலேஜ் படிக்கிறேன். சி பிளஸ் பிளஸில் ஒரு செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் நிரல், எழுதி வருகிறேன். ஆல்பா-பீட்டா தேடல் (நகர்வுகளை ஆராயும் முறை), ஹேஷ் டேபிள் (பார்த்த நிலைகளை நினைவில் வைப்பது) எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு ஆடும் ஒரு அண்ணன், "பெரிய பாலிகிளாட் புக் ஒன்றைப் போடு, என்ஜின் எங்கேயோ போய்விடும்" என்றார். ஆட்டத் தொடக்க நகர்வுகளைத் தொகுத்து வைத்ததுதான் ஓப்பனிங் புக், பாலிகிளாட் என்பது அதன் ஒரு கோப்பு வடிவம். போட்டேன். புக் இல்லாத அதே என்ஜினோடு ராத்திரி முழுக்க மோதவிட்டதில் புக் உள்ளது கொஞ்சம் முந்தியது. ஆனால் வெள்ளையாக நஜ்டோர்ஃப் (சிசிலியன் ஓப்பனிங்கின் ஒரு வகை) ஆடும்போது, புக் முடிந்த கையோடு மதிப்பீடு மைனஸ் 0.8, அதாவது கிட்டத்தட்ட ஒரு சிப்பாய் குறைவு, என்று விழுகிறது. பெரிய என்ஜினான ஸ்டாக்ஃபிஷ் புக்கே இல்லாமல்தான் ஆடுகிறது என்கிறார்கள். புக் வேண்டுமா, வேண்டாமா?

பட்டர்வொர்த் அண்ணன்:
தம்பி, அந்த மைனஸ் 0.8-ஐ விட்டுவிடாதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. கறுப்பு ராணி பி2 சிப்பாயைத் தின்னும் வரிசையாக இருக்கும். வெள்ளை ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் காய்களை வேகமாக வெளியே கொண்டுவந்து ராஜாவை மிரட்டுகிறது. இது புக்கை உருவாக்கிய ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். உங்கள் என்ஜினுக்குத் தெரிந்தது சிப்பாய்க் கணக்கு மட்டும்தான். புக் கையை விட்டதும், "ஐயோ, ஒரு சிப்பாய் குறைகிறதே" என்று ராணியை மாற்றிக்கொள்ளப் பார்க்கும். தாக்குதல் அங்கேயே செத்துப்போகும். புக் நல்லதுதான், ஆனால் உங்கள் என்ஜினுக்குப் பொருந்தாத புக்.

அந்தக் காலத்தில் இதற்கென்றே ஆள் இருந்தார்கள். ரிப்கா என்ற என்ஜினுக்கு யெரோன் நூமன் புக் அமைத்தார். 1997-ல் ஐபிஎம்மின் டீப் புளூ கணினியோடு நடந்த ஆறாவது ஆட்டத்தில் உலகச் சாம்பியன் கஸ்பரோவ் கேரோ-கான் ஓப்பனிங்கில் எச்6 ஆடினார். இயந்திரம் குதிரையைக் கொடுத்து இ6 சிப்பாயை வெட்டியது. அது தேடிக் கண்டுபிடித்த நகர்வு அல்ல, புக்கில் இருந்தது. 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. புக் ஒரு ஆட்டத்தையே தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் ஆட்டத்தை ஜெயிப்பது வேறு, பலம் வேறு. 2017-ல் தானே ஆடிக் கற்றுக்கொண்ட ஆல்பாஸீரோ நிரல் ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா என்று அடித்தபோது, ஸ்டாக்ஃபிஷுக்குப் புக் கொடுக்கவில்லையே என்று பலரும் கொதித்தார்கள். நியாயமான கேள்விதான். அடுத்த வருடம் வந்த ஆய்வுக் கட்டுரையில் நல்ல புக்கோடும் மோதவிட்டார்கள், அப்போதும் ஆல்பாஸீரோதான் ஜெயித்தது. தேடலிலும் மதிப்பீட்டிலும் உள்ள இடைவெளியைப் புக் அடைக்காது. உங்கள் உழைப்பை மதிப்பீட்டில் போடுங்கள் தம்பி, முக்கியமாக ராஜாவின் பாதுகாப்பில்.

அப்புறம், ராத்திரி ஓட்டிய ஆட்டங்களின் நகர்வுகள் பதிவான பிஜிஎன் கோப்பைத் திறந்து பாருங்கள். புக் இல்லாத பக்கம் ஒரே நிலைக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும். அதனால் ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வந்திருக்கலாம். எல்லாமே வெவ்வேறு ஆட்டங்களாக இருந்தாலும், 100 ஆட்டத்தில் 50, 60 எலோ (பலத்தை அளக்கும் புள்ளி) இப்படி அப்படி போவது சகஜம். "கொஞ்சம் முந்தியது" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அண்ணன் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 3 நிமிட ஆட்டத்தில் புக் மிச்சப்படுத்தும் நேரம் சும்மா இல்லை, அது பின்னால் உதவும்.

இன்னொன்று, பாலிகிளாட்டில் காஸ்லிங் (ராஜாவும் ரூக்கும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) ராஜா தன் ரூக்கை வெட்டுவது போல எழுதப்பட்டிருக்கும். வெள்ளைக்கு இ1-எச்1, இ1-ஏ1. இதை மாற்றிப் படிக்கிறதா உங்கள் என்ஜின்?

செந்தூல் தம்பி:
அக்கா, இல்லை! அது தப்பான நகர்வு என்று ஒதுக்கிவிட்டுப் புக்கைவிட்டே வெளியேறுகிறது. இப்போதுதான் பார்த்தேன், ரொம்ப நன்றி. சரி, சோதனைக்கு எந்த மாதிரி புக் நல்லது?

பட்டர்வொர்த் அண்ணன்:
என்ஜினுக்குள் இருக்கும் புக்கை அணைத்துவிடுங்கள். என்ஜின்களை மோதவிடும் கியூட்செஸ் மென்பொருளில் எட்டு நகர்வு அளவுக்குச் சின்னப் பொதுப் புக் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுங்கள். என்ஜின்களுக்கான டிசிஇசி போட்டியிலும் இப்படித்தான், ஓப்பனிங்கை நடத்துபவர்களே தருவார்கள். ஸ்டாக்ஃபிஷ் குழு சோதனைக்கு ஒரு பக்கம் சற்று மேலோங்கிய நிலைகளையே எடுக்கிறது, இல்லாவிட்டால் பெரும்பாலும் டிராவிலேயே முடிந்துவிடும். உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம், சமமான நிலைகளே போதும். காஸ்லிங்கைச் சரிசெய்துவிட்டு முடிவை இங்கே போடுங்கள்.