லீஸ் நீட்டிப்பு: பிரீஹோல்டரின் 7,000 பவுண்ட்ஸ் கடிதத்துக்குச் சரி சொல்லலாமா?

ஹரோ வாசி (2025 செப்டம்பர் 14)

வணக்கம். 2024 மார்ச்சில் லண்டன் ஹரோவில் இரண்டு அறை பிளாட் ஒன்று வாங்கினோம். 99 வருட லீஸ், நம் காலத்துக்குக் காணும் என்று இருந்துவிட்டோம். காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்கு வருடம் குறைந்துகொண்டு போவது ஊரிலிருக்கும் அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "அப்ப நீ வாங்கேல்லை, குத்தகைக்குத்தான் எடுத்திருக்கிறாய்" என்கிறார். பிழை என்று சொல்லவும் முடியவில்லை.

போன கிழமை பிரீஹோல்டரிடமிருந்து, அதாவது நிலத்தின் சொந்தக்காரரிடமிருந்து, கடிதம் வந்தது. 7,000 பவுண்ட்ஸ் கொடுத்தால் இன்றிலிருந்து 125 வருடமாக்கித் தருவார்களாம். அவர்களுக்குக் கட்டும் நில வாடகை, கிரவுண்ட் ரென்ட், வருடம் 200 பவுண்ட்ஸ் அப்படியே இருக்கும். 28 நாட்களில் பதில் வேண்டும்.

லீஸ் கையெழுத்தானது 2007 ஆகஸ்டில். என் கணக்கில் கிட்டத்தட்ட 81 வருடம் மிச்சம். சட்டப்படி நீட்டிக்க, வாங்கி இரண்டு வருடம் ஆகவேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். அப்படியானால் அடுத்த மார்ச் வரை பொறுக்க வேண்டும். பொறுப்பதா, 7,000ஐக் கட்டிவிடுவதா? பிளாட் இப்போது 320,000 போகும்.

நெல்லியடியான்

கடிதத்துக்கு இப்போது பதில் போடாதீர்கள். இரண்டு விஷயம்.

அந்த இரண்டு வருட விதி இப்போது இல்லை. 2025 ஜனவரி 31உடன் எடுத்துவிட்டார்கள். வீடு உங்கள் பெயரில் லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவானதுமே, நீட்டிப்புக் கேட்டுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலாம்.

அடுத்தது, கையெழுத்தான திகதியை வைத்து எண்ணாதீர்கள். வருடங்கள் எந்த நாளிலிருந்து ஓடுகின்றன என்று லீஸுக்குள் தனியாக எழுதியிருக்கும். புதுக் கட்டடங்களில் எல்லா பிளாட்டுக்கும் பொதுவாக ஒரே நாளைப் போட்டுவிடுவார்கள், அது நீங்கள் நினைப்பதைவிட முந்தியதாக இருக்கலாம். லாண்ட் ரெஜிஸ்ட்ரி இணையத்தில் 7 பவுண்ட்ஸ் கட்டினால் பதிவுப் பிரதி உடனே வரும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஹரோ வாசி

பார்த்தேன். "2006 டிசம்பர் 25 முதல் 99 வருடம்." நத்தார் அன்று! அப்படியென்றால் 80 வருடமும் மூன்று மாதமும்தான். மார்ச் வரை இருந்திருந்தால் 80க்குக் கீழே போயிருக்கும், நீட்டிக்கும் விலையும் ஏறியிருக்கும். நேற்றிரவு நித்திரை இல்லை.

நெல்லியடியான்

நித்திரை கொள்ளுங்கள், மூன்று மாதம் காணும். ஆனால் நத்தார் கிழமை வரை இழுக்க வேண்டாம். சொலிசிட்டர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

லீஸ் நீட்டிப்புக்கான 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்கீழ் நோட்டீஸ் கொடுத்தால், இருக்கிற 80உடன் 90 வருடம் கூடும், மொத்தம் 170. கிரவுண்ட் ரென்ட் "ஒரு மிளகு" ஆகிவிடும். சட்டத்தில் உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, பூச்சியம் என்று அர்த்தம். கடிதக்காரர் தருவது 45 வருடம்தான், பழைய 80 வருடத்துக்கு 200ஐயும் தொடர்ந்து வாங்குவார்.

விலையைப் பருமட்டாகப் போட்டுப் பார்த்தேன். 80 வருடம் கழித்து அவர் கைக்குத் திரும்பவேண்டிய 320,000க்கு, வருடத்துக்கு 5% கழித்துக்கொண்டு வந்தால் இன்றைய பெறுமதி 6,400 அளவில். ஸ்போர்ட்டெலி என்ற லீஸ் வழக்கில் பிளாட்டுகளுக்கு வைத்த விகிதம் அது. அவர் இழக்கும் 200 பவுண்ட்ஸ் வாடகைக்கு, 6% என்று வைத்தால், 3,300 அளவில். கூட்டினால் 9,700. அதோடு உங்கள் சொலிசிட்டர், விலை மதிப்பிடும் சேர்வேயர் செலவு. அவர் தரப்பின் நியாயமான செலவும் உங்கள் தலையில்தான், இது எனக்கு இன்றுவரை எரிச்சல்.

விலை கணக்கிடும் நாள் நோட்டீஸ் கொடுத்த நாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுபட்டாலும் நீங்கள் 80க்கு மேல்தான்.

குரொய்டன் அக்கா

நான் செய்த மடைத்தனத்தைச் சொல்கிறேன், நீங்களாவது தப்புங்கள். எனக்கு 81 வருடம் இருக்கும்போது பிரீஹோல்டரின் ஏஜென்ட் "நோட்டீஸ் எல்லாம் எதற்கு, நட்பாகப் பேசி முடிப்போம்" என்று ஈமெயில் போட்டார். நட்பு பதினாறு மாதம் நீண்டது. சேர்வேயர் வருவார் என்றார்கள், பிறகு அவர் லீவில் என்றார்கள், பிறகு ஃபைலைக் காணோம். நோட்டீஸ் கொடுக்கும்போது 79 வருடம் எட்டு மாதம்.

80க்கு மேல் இல்லையென்றால் மேரேஜ் வேல்யூ என்று ஒன்று சேரும். நீட்டிப்பதால் பிளாட்டின் விலை எவ்வளவு கூடுகிறதோ அந்த லாபத்தில் பாதி அவருக்கு. நான் அதைச் சீதனம் என்றுதான் சொல்வேன். அந்த நாலு மாதத்துக்கு நான் கட்டிய சீதனம் 6,000 பவுண்ட்ஸுக்கு மேல்.

பிரென்ட் பாலன்

2024இல் புதுச் சட்டம் வந்துவிட்டதே? 990 வருடம், மேரேஜ் வேல்யூவும் இல்லை. ஏன் அவசரப்படுகிறீர்கள்?

நெல்லியடியான்

பாலன், சட்டம் 2024 மே 24இல் நிறைவேறியது உண்மை. நீங்கள் சொல்லும் பிரிவுகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, திகதியும் வைக்கவில்லை. ஹரோ வாசிக்கு டிசம்பர் 25 என்ற திகதி இருக்கிறது.

ஹரோ வாசி (அக்டோபர் 9)

நோட்டீஸ் நேற்றுப் போய்ச் சேர்ந்தது, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். சேர்வேயர் சொன்னபடி 8,000 கேட்டிருக்கிறோம். 10% முற்பணம் கேட்பார்களாம், 800 எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் பதில் நோட்டீஸ் தரக் கடைசி நாள் டிசம்பர் 12. அண்ணை, அதற்குப் பிறகு ஒத்துவராவிட்டால், விலையைத் தீர்மானிக்கும் டிரைபியூனலுக்குப் போக ஆறு மாதம் என்று சொலிசிட்டர் சொன்னார். அது எந்த நாளிலிருந்து?

நெல்லியடியான்

பதில் நோட்டீஸ் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து. முதல் இரண்டு மாதம் பேசுவதற்கு, அதன்பின், அதே நாளிலிருந்து எண்ணி ஆறாவது மாதம் முடிவதற்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். தவறினால் நோட்டீஸ் செத்துவிடும், பன்னிரண்டு மாதத்துக்குப் புதிதாகக் கொடுக்கவும் முடியாது. உங்களுக்கு அதன் விலை என்னவென்று அக்கா சொல்லிவிட்டார். சொலிசிட்டரை மட்டும் நம்பாமல் நீங்களும் குறித்து வையுங்கள்.

டிசம்பர் 12 வரை பதிலே வராவிட்டால் இன்னும் நல்லது. அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கவுண்டி கோர்ட்டுக்குப் போனால், நீங்கள் எழுதிய 8,000க்கே கிடைக்கும்.