மறு: புதிர்த் துண்டின் துருத்தலுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

படப்புதிர் (ஜிக்சா) செய்யும் மென்பொருளில் இரண்டு சரங்கள், அதாவது திரையில் தோன்றும் சொற்கள், இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. துண்டின் பக்கத்திலிருந்து உருண்டையாக வெளியே நிற்கும் பகுதி ஒன்று, அது போய் உட்காரும் பள்ளம் இன்னொன்று. இப்போதைக்கு ‘நீட்சி’, ‘வெற்றிடம்’ என்று வைத்திருக்கிறோம். ‘நீட்சி அளவு: 22%’ என்று திரையில் பார்ப்பவர் உலாவியில் நிறுவும் நீட்சியைத்தான் நினைப்பார். மாற்றுச் சொல் தாருங்கள்.

-----

> மாற்றுச் சொல் தாருங்கள்.

குடுமி, குழி.

கீல் இல்லாத பழங்கதவில் மேலும் கீழும் நீண்டு நிற்கும் முனைக்குக் குடுமி என்றுதான் பெயர். அது குழியில் உட்கார்ந்து சுழலும். தலைக்குடுமியைப் பார்த்தாலும் வடிவம் அதேதான். மேலே உருண்டை, அடியில் இறுக்கம். அந்த இறுக்கத்துக்குக் ‘கழுத்து’ என்று மூன்றாவது சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. அதுதான் நமக்கு அதிகம் தேவை. 2 மி.மீ. அட்டையில் 42 மி.மீ. துண்டு வெட்டும்போது கழுத்து மிக மெலிந்துபோனால், சில முறை பொருத்திக் கழற்றுவதற்குள் மடங்கிக் கிழியும். கழுத்தைத் தலையளவுக்கு அகலமாக விட்டாலோ பூட்டே விழாது, இழுத்தால் துண்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ‘கழுத்து மிக மெலிது’ என்று எச்சரிக்கை காட்டினால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

-----

> குடுமி, குழி.

கொஞ்சம் கேலியாக ஒலிக்கிறதே! மின்செருகிக்குச் சொல்வதுபோல ‘ஆண் துண்டு, பெண் துண்டு’ என்றால் என்ன?

-----

> ‘ஆண் துண்டு, பெண் துண்டு’ என்றால் என்ன?

செருகிக்குச் சரி, இங்கே ஒத்துவராது. உள்துண்டு ஒன்றுக்கு நான்கு பக்கம், இரண்டில் குடுமியும் இரண்டில் குழியும் இருக்கலாம். அந்தத் துண்டு ஆணா பெண்ணா? பெயர் பக்கத்துக்கு வேண்டும், துண்டுக்கு அல்ல.

எண்ணிப் பார்த்தால் தெளிவாகும். ஏ3 தாள் 420 × 297 மி.மீ.; 10 நிரல், 7 நிரை என்று பிரித்தால் ஏறத்தாழச் சதுரமான 70 துண்டுகள். மூலைத்துண்டு 4, ஓரத்துண்டு 26, உள்துண்டு 40. உள்ளே பொது வெட்டுக்கோடுகள் 63 + 60 = 123. ஆகவே 123 குடுமி, 123 குழி. மென்பொருள் எழுதுவோர் வழுக்கும் இடமும் இதுவே. எந்தப் பக்கம் குடுமி என்பதைத் துண்டுதோறும் தனித்தனியாகக் குலுக்கிப் போட்டால் குடுமிக்கு எதிரே குடுமி வந்து முட்டும். குலுக்கல் வெட்டுக்கோட்டுக்கு ஒரு முறைதான். ஒரு துண்டு +1 (குடுமி) எடுத்தால் அண்டைத் துண்டு −1 (குழி).

அதனால் ‘விளிம்பு’ என்பதையும் பிரித்துவிடலாம். படத்தின் வெளிச்சுற்று விளிம்பு, இரு துண்டுக்கும் பொதுவானது வெட்டுக்கோடு. துண்டுகளைத் தனித்தனி வடிவமாக இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கொண்டுவந்து அப்படியே லேசர் வெட்டுப்பொறிக்கு அனுப்பினால் ஒவ்வொரு வெட்டுக்கோடும் இரண்டு முறை வெட்டுப்படும். ஓரம் கருகும், பொருத்தம் தளரும்.

இன்னொன்று: துண்டின் படத்தைக் கட்டத்தின் அளவுக்கே கத்தரித்தால் குடுமியில் படம் இருக்காது. நான்கு பக்கமும் குடுமி அளவுக்குக் கூட்டித்தான் கத்தரிக்க வேண்டும். அந்தக் கூடுதலுக்குப் பெயர் ‘குடுமி இடம்’ என்றே இருக்கட்டும்.

-----

குடுமிக்கு என் ஆதரவு. லேசர் கதிர் தின்றுவிடும் அகலத்துக்கு என்ன? பொற்கொல்லர் சொல்லும் ‘சேதாரம்’ நினைவுக்கு வருகிறது.

-----

> ‘சேதாரம்’ நினைவுக்கு வருகிறது.

அழகான சொல்தான். ஆனால் சேதாரம் எடைக் கணக்கு, நமக்கு வேண்டியது அகலம், அதாவது 0.2 மி.மீ. போன்ற ஓர் அளவு. ‘வெட்டுவாய்’ பொருந்தும். அதைச் சரிக்கட்டும் அமைப்பு ‘வெட்டுவாய் ஈடு’. இதற்கு ஓர் உதவிக்குறிப்பும் வேண்டும். ஒரே பலகையில் ஒரே கோடாக வெட்டும்போது ஈடு செல்லாது, ஏனென்றால் அந்த ஒரு கோடே குடுமியையும் குழியையும் சேர்த்து வெட்டுகிறது. துண்டுகளைத் தள்ளித் தள்ளி அடுக்கி வெட்டினால்தான் ஒவ்வொன்றையும் அரை வெட்டுவாய் வெளியே தள்ள இடம் கிடைக்கும்.

-----

ஜிக்சாவை ‘ரம்பப் புதிர்’ ஆக்க வேண்டாம். லண்டன் நிலப்படக் கலைஞர் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760களில் பலகையில் ஒட்டிய நிலப்படங்களை அறுத்து விற்றபோது அந்தப் பெயரே கிடையாது. இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ரம்பத்தைப் பார்த்ததே இல்லை, அச்சில் அழுத்தி வெட்டப்பட்டவை. ‘வெட்டுப்புதிர்’ போதும்.

கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் ஜிக்சா வடிகட்டிக்கு மட்டும் ‘வெட்டுப்புதிர்த் தோற்றம்’ என்று போடலாம். அது படத்தின் மேல் கோடும் சரிவுநிழலும் வரைகிறதே தவிர துண்டுகளைப் பிரித்துத் தருவதில்லை.

சரங்களில் மாற்றிவிடுகிறேன். குடுமி, குழி இரண்டுமே ‘கு’வில் தொடங்குவதால் குறுகிய பொத்தானில் எழுத்துச் சுருக்கம் குழப்பும். அங்கே + − குறிகளையே வைக்கிறேன்.