சதையி (கணையம்) ஒப்பரேஷன்: துளை போட்டா, வயிற்றைத் திறந்தா?

உப்புவெளி, சத்திரசிகிச்சை வார்ட் தாதி

சதையிக் கட்டியை லப்ரஸ்கோபியிலா (சின்னத் துளைகளால் கமரா விட்டு), வயிற்றைத் திறந்தா எடுப்பது நல்லது என்று மூதூரிலிருந்து கேட்ட தங்கச்சிக்கு: அதைக் கேட்க முதல், சி.ரி. ஸ்கான் ரிப்போட்டை எடுத்துப் பாருங்கோ. கட்டி சதையியின் தலையிலா, உடலிலா, வாலிலா? பாதிப் பதில் அதிலேயே இருக்கு.

வால் பக்கம் என்றால் லப்ரஸ்கோபி நன்றாகச் சரிவரும். நாலைந்து துளை, ஒவ்வொன்றும் 5 முதல் 12 மி.மீ. காபனீரொட்சைட்டு வாயுவை 12–15 மி.மீ. இரச அழுத்தத்தில் ஏற்றி வயிற்றை உப்பவைப்பார்கள். ஸ்ரேப்ளரால் வெட்டி மூடி, துண்டைப் பைக்குள் போட்டு அடிவயிற்றில் சின்னக் கீறலால் எடுப்பார்கள். திரும்பப் பொருத்தித் தைக்க அங்கே குழாய் எதுவும் இல்லை. இலகு என்பதெல்லாம் அதனால்தான். 2019இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், தேறி எழும்பத் துளைவழியில் 4 நாள், திறந்த முறையில் 6 நாள். ஆனால் சதையிநீர் கசிவது குறையவில்லை. தோலில் காயம் சின்னது, உள்ளே வெட்டு அதே வெட்டுத்தானே.

முன்பு சதையி அழற்சி வந்து உள்ளே ஒட்டிப்போயிருந்தாலோ, மண்ணீரலின் இரத்த நாளத்தில் இரத்தம் போனாலோ, இடைநடுவில் திறப்பார்கள். சம்மதப் பத்திரத்தில் இரண்டு முறையும் இருக்கும். வாசித்துவிட்டே கையெழுத்து வையுங்கோ.

திருகோணமலை டவுண், தியேட்டரில் வேலை

தலைப்பக்கம் முற்றிலும் வேற கதை. விப்பிள் ஒப்பரேஷனில சதையியின்ர தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின்ர கீழ்ப்பகுதி எல்லாம் போகும். பிறகு மூண்டு இணைப்பு: சதையி, பித்தநாளம், இரைப்பை மூண்டையும் சிறுகுடலோட தைக்கோணும். சதையிநீர் வாற நாளம் சிலருக்கு 2–3 மி.மீ. தான். சதையி மெத்தெண்டு இருந்தா, நுங்கில தையல் போடுற மாதிரி. நூல் இறுகினா கிழிஞ்சிடும், தளர்ந்தா கசியும். நாட்பட்ட அழற்சியில இறுகின சதையி தையலுக்கு நல்லாப் பிடிகுடுக்கும், கசிவும் குறைவு.

இதையே லப்ரஸ்கோபியில செய்து பார்த்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வை இடையில நிறுத்தினவை. சிக்கலால 90 நாளுக்குள்ள இறந்தது லப்ரஸ்கோபியில 50 பேரில 5, திறந்ததில 49 பேரில 1. சின்ன எண்ணிக்கைதான், ஆனா எண்ணிப் பாக்க வைக்கிற எண்ணிக்கை. தலைக்குத் துளைவழி சொன்னா டொக்டரிட்ட நேரா கேளுங்கோ: உங்கட யூனிட்டில வருசத்துக்கு எத்தனை விப்பிள், அதில எத்தனை லப்ரஸ்கோபி? கேட்டா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.

உப்புவெளி, சத்திரசிகிச்சை வார்ட் தாதி

ஒப்பரேஷன் முடிய வயிற்றில் விடும் வடிகுழாய் பற்றியும் சொல்லவேண்டும். மூன்றாம் நாளிலிருந்து அந்த நீரில் அமைலேஸ் (சதையி சுரக்கும் ஒரு என்சைம்) பார்ப்பார்கள். இரத்தத்தின் வழமையான உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் என்றால் கசிவு. காய்ச்சல் இல்லாமல், சாப்பாடும் இறங்கினால், குழாயைக் கொஞ்சநாள் விட்டுவைத்தாலே பெரும்பாலும் அடங்கும். போத்தலில் சாம்பல் கலங்கல் வந்தால் கவனம். ஒரு கிழமை கழித்துத் திடீரென்று கொஞ்சம் புது இரத்தம் வந்தால், "கொஞ்சம்தானே" என்று இருக்கவே கூடாது. சதையிநீர் அரித்து நாடி வெடிக்கப் போவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். உடனே சி.ரி. எடுக்க வேண்டும்.

கிண்ணியா, மருத்துவர்

கட்டி இல்லாமல், கடும் அழற்சியில் சதையி அழுகியவர்களுக்குத் திறப்பதுதான் கடைசி வழி. முடிந்தால் நாலு கிழமை காத்திருந்து, அழுகல் சுற்றிச் சுவர் கட்டிய பிறகே கை வைப்பது. முதலில் இடது விலாப்பக்கத்தால் 12–14 பிரெஞ்ச் (4–5 மி.மீ. தடிப்பு) குழாய்; போதாவிட்டால் அதே தடத்தில் கமரா விட்டுத் துப்புரவாக்குவது. 2010இல் வந்த ஆய்வில் இந்தப் படிப்படி முறையில் பெரிய சிக்கல் அல்லது மரணம் 40 வீதம், திறந்ததில் 69 வீதம். படிப்படி முறையில் 35 வீதத்தினருக்குக் குழாயே போதுமாயிற்று. குழாய் அடைபடுவதுதான் தொல்லை; அடிக்கடி சேலைன் விட்டுக் கழுவவேண்டும்.

என்.சி. வீதி, மருந்தகம்

வீட்டுக்கு வந்த பிறகு எங்களிடம் வருகிற கேள்விகளுக்கு. சாப்பாடு செரிக்க உதவும் என்சைம் குளிசை: பெரிய சாப்பாட்டுக்கு 40–50 ஆயிரம் யூனிற், இடையில் கொறிப்பதற்குப் பாதி. முதல் வாயோடு ஒன்று, நடுவில் மற்றது. சூடான பிளேன்ரீயில் உடைத்துப் போட்டால் வேலை செய்யாது. 25 பாகைக்குள் வைக்கவேண்டும். நம்ம வெயிலில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் விடாதீர்கள். மலம் எண்ணெய்ப்பசையாக மிதந்தால் அளவு காணாது.

மண்ணீரலும் எடுக்க இருந்தால், நியூமோகொக்கல், மெனிஞ்சோகொக்கல், ஹிப் (Hib) என்ற கிருமித் தடுப்பூசிகளை இரண்டு கிழமைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வரும் எந்தக் காய்ச்சலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. முழுச் சதையியும் போனவர்களுக்கு இன்சுலின் மட்டுமல்ல, சீனியை ஏற்றும் குளுக்ககன் ஹோர்மோனும் இல்லை; சீனி சடுதியாக இறங்கும். நோன்பு, விரதம் டொக்டரைக் கேட்டே.

உப்புவெளி, சத்திரசிகிச்சை வார்ட் தாதி

கொழும்புக்குப் போகிறவர்கள் ரிப்போட்டை மட்டும் கொண்டுபோக வேண்டாம். ஸ்கான் படங்கள் உள்ள சி.டி.யும் வேண்டும். திரும்பும்போது டயக்னோசிஸ் கார்ட்டில் (ஆஸ்பத்திரி துண்டு வெட்டும்போது தரும் அட்டை) எந்த ஒப்பரேஷன், மண்ணீரல் இருக்கா இல்லையா, கடைசி வடிகுழாய் அமைலேஸ் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கோ. இரவு காய்ச்சலோடு இங்கே வந்தால் பார்க்கிற டொக்டருக்கு அந்த மூன்றும்தான் முதலில் தேவைப்படும்.