புதுப்பிப்பு: கடைசியில் டைல் சீலிங்தான்

எங்கள் அலுவலகத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்கு (கூரைக்குக் கீழே தொங்கவிடும் இரண்டாவது சீலிங்) ஜிப்சம் போர்டா, கழற்றி மாட்டும் டைலா என்று மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். டைல்தான் போட்டோம்: 2 அடிக்கு 2 அடி மினரல் ஃபைபர். பார்க்க ஜிப்சம்தான் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது வாரமே ஏசியின் தண்ணீர் வெளியேறும் பைப் ஒழுகி, ஒரு டைலில் டீக்கறை மாதிரி வட்டம். ஏசிக்காரர் ஏணி போட்டு, டைலைத் தூக்கி, இணைப்பைச் சரிசெய்து, புதுசு வைத்துவிட்டுப் போனார். அரை மணி நேரம். ஜிப்சமாக இருந்தால் அறுத்து, ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து... உபரியாகப் பத்து டைல் வாங்கி வைக்கச் சொன்னவருக்கு நன்றி!

பேன்ட்ரியில் மட்டும் ஈரம் தாங்கும் கால்சியம் சிலிகேட் டைல். அப்புறம், கனமான லைட்டுகளை கிரிட்டில் (டைல்களைத் தாங்கும் சட்டத்தில்) ஏற்றவில்லை. மேலே இருக்கும் கான்கிரீட் ஸ்லாபிலிருந்தே தனியாகக் கம்பி இறக்கிவிட்டோம்.