நம் குடும்பம் குழு: இறங்க வந்த விமானம் ஏன் மீண்டும் மேலே ஏறியது?

[காலை 7:05] செந்தில்: கோழிக்கோட்டில் இறங்கிவிட்டேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. குழந்தைகள் அலறினார்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வந்துதான் இறக்கினார்கள்.

[காலை 7:09] அத்தை: முருகா! ஓட்டத் தெரியாதவர்கள் கையில் எல்லாம் விமானத்தைக் கொடுத்துவிடுகிறார்களா?

[காலை 7:11] செந்தில்: அதைத்தான் நானும் கேட்கிறேன் அத்தை. நிறுவனத்துக்குப் புகார் எழுதப் போகிறேன்.

[காலை 7:20] பெரியப்பா: செந்தில், நல்லபடியாக வந்து சேர்ந்தாயே, அது போதும். புகார் எழுதாதே. எழுதுவதென்றால் அந்த விமானிகளைப் பாராட்டி எழுது. விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன். அதற்குப் பெயர் கோ-அரவுண்ட். வேகம், உயரம், திசை மூன்றும் சரியாக அமையாவிட்டால் இறங்கக்கூடாது, மேலே போய்விட வேண்டும். மழை மேகம் என்றால் 1,000 அடியில், வானம் தெளிவாக இருந்தால் 500 அடியில் இது முடிவாகிவிட வேண்டும். நீ இறங்கிய அதே ஊரில் 2020 ஆகஸ்ட் 7 அன்று மேலே ஏறாமல் போனதால்தான் 21 பேர் இறந்தார்கள்.

[காலை 7:22] கவின்: கொரோனா நேரத்தில் துபாயிலிருந்து வந்த விமானம்தானே பெரியப்பா? மழையில் வழுக்கிவிட்டது என்று படித்தேன்.

[காலை 7:31] பெரியப்பா: மழை மட்டும் காரணமில்லை கவின். முதல் முயற்சியில் இறங்க முடியவில்லை. மறுமுனையிலிருந்து வந்தார்கள், அப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. கேப்டன் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஏறக்குறைய பாதி ஓடுபாதை தாண்டிய பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி "கோ-அரவுண்ட்" என்று சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. மேட்டின் மேல் அமைந்த டேபிள்டாப் ஓடுபாதை என்பதால் முடிவில் பள்ளம், விமானம் அதில் விழுந்தது. இரண்டு விமானிகளும் உயிரோடு இல்லை.

அறிக்கையில் எனக்கு மறக்காத வரி வேறொன்று. மறுநாள் காலை விமானத்தை ஓட்டவும் அதே கேப்டன்தான் தேவைப்பட்டார். கோழிக்கோட்டில் போதிய கேப்டன்கள் இல்லை. வேறு ஊருக்குப் போய் இறங்கிவிட்டால் மறுநாள் பயணம் என்ன ஆகும் என்ற நினைப்பு அவரை இங்கேயே இறங்கத் தூண்டியது என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. ஆள் பற்றாக்குறை அலுவலகத்தில் உண்டானது. அதன் பாரம் மழை இரவில் ஒருவர் தலையில் விழுந்தது. எல்லாரும் "விமானியின் தவறு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடும்போது எனக்கு ஆறவே ஆறாது.

[காலை 7:34] அத்தை: மங்களூரிலும் இப்படித்தானே நடந்தது? அப்போது நம் தெருவில் டிவி முன்னால் உட்கார்ந்து அழாதவர்கள் இல்லை.

[காலை 7:46] பெரியப்பா: ஆமாம். 2010 மே 22. அதுவும் துபாயிலிருந்து வந்தது, அதுவும் டேபிள்டாப். 166 பேரில் 8 பேர் மட்டும் பிழைத்தார்கள். அந்தக் கேப்டன் 10,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர், கற்றுக்குட்டி இல்லை. காக்பிட் குரல் பதிவில் முதல் 1 மணி 40 நிமிடங்களுக்குப் பேச்சே இல்லை, குறட்டைச் சத்தம்தான் கேட்டது. நள்ளிரவுக்குப் பின் கிளம்பிய விமானம், இறங்கியது காலை ஆறு மணிக்கு. ஆழ்ந்து தூங்கி எழுந்தவருக்கு மூளை தெளியச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் விமானம் இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தது. துணை விமானி மூன்று முறை "கோ-அரவுண்ட்" என்றார். கருவியும் "மேலே இழு" என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது. "இனி ஓடுபாதை மிச்சமில்லை" என்று சொல்லும் நிலைக்கு அந்தத் துணை விமானி வந்துவிட்டார்.

[காலை 7:48] செந்தில்: படிக்கவே வயிறு கலங்குகிறது பெரியப்பா.

[காலை 7:55] மீனா அக்கா: இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். பெரியப்பா சொல்வது எங்கள் அறுவை அரங்குக்கும் அப்படியே பொருந்தும். புதிதாகச் சேர்ந்த செவிலியர் பெரிய டாக்டரிடம் "ஒரு பஞ்சு கணக்கில் குறைகிறது" என்று சொல்ல எத்தனை தைரியம் வேண்டும் தெரியுமா? 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தியை எடுக்கும் முன் அரங்கில் இருக்கும் எல்லாரும் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்தவருக்கு மறுமுறை திறப்பது எளிது. விமானத்துறையைப் பார்த்துத்தான் எங்கள் துறை இதைக் கற்றுக்கொண்டது.

[காலை 8:04] பெரியப்பா: சரியாகச் சொன்னாய் மீனா. விமானத்துறையும் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1977இல் டெனெரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒன்று கேஎல்எம் நிறுவனத்துடையது, மற்றது பான் ஆம் நிறுவனத்துடையது. கேஎல்எம் கேப்டன் அந்த நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். அனுமதி வரும் முன்பே விமானத்தை ஓடவிட்டார். "அந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ?" என்று பின்னால் இருந்த பொறியாளர் கேட்டார். "விலகிவிட்டது" என்று கேப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை.

அடுத்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஒரு டிசி-8 ரக விமானம். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையிலேயே கேப்டன் ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் குறைவதை மற்றவர்கள் சொன்னார்கள், ஆனால் பட்டும் படாமலும் சொன்னார்கள். நான்கு இன்ஜின்களும் அணைந்தன, 10 பேர் இறந்தார்கள். கேப்டன்கள் மற்றவர் சொல்வதைக் கேட்கவும், மற்றவர்கள் துணிந்து பேசவும் பயிற்சி கொடுங்கள் என்று அமெரிக்க விசாரணை வாரியம் அதன் பிறகுதான் பரிந்துரைத்தது.

[காலை 8:06] அத்தை: இதையும் கேளுங்கள். அகமதாபாத் விபத்துக்கு யார் காரணம் என்று ஒரு ஆடியோ வந்திருக்கிறது. அனுப்பட்டுமா?

[காலை 8:12] பெரியப்பா: வேண்டாம் தங்கச்சி. 260 உயிர்கள் போயிருக்கின்றன. விமானம் கிளம்பிய சில நொடிகளில் இரண்டு எரிபொருள் சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிபொருளை நிறுத்தும் 'கட்ஆஃப்' நிலைக்குப் போயின, ஒரு விமானி "ஏன் அணைத்தாய்" என்று கேட்க மற்றவர் "நான் செய்யவில்லை" என்றார். முதற்கட்ட அறிக்கை சொன்னது இவ்வளவுதான். யார் கை, எதனால் என்று அது சொல்லவில்லை. அந்த ஆடியோவில் பேசுகிறவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? இறந்த விமானிகளுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

[காலை 8:14] அத்தை: சரி அண்ணா, அனுப்பவில்லை.

[காலை 8:16] கவின்: தவறு செய்தவரைத் தண்டித்தால்தானே அடுத்தவர் பயந்து ஒழுங்காக இருப்பார் பெரியப்பா?

[காலை 8:27] பெரியப்பா: பயந்தால் மறைப்பார் கவின். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ நிறுவனத்தின் விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். "ஓடுபாதையை நெருங்க அனுமதி" என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதை, உடனே தாழப் பறக்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில், மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்தோடு நின்றுவிட்டது. எல்லாருக்கும் சொல்லியிருந்தால் 92 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதனால்தான் 1976இல் விமானிகள் தெரிவிக்கும் தவறுகளைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பை நாசாவிடம் கொடுத்தார்கள். லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் நாசாவுக்கு இல்லை, பெயரையும் வெளியே சொல்லாது. விமானிகள் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். தூக்கம் போதாமல் தடுமாறியவரைத் தண்டித்துவிட்டு டியூட்டி அட்டவணையை அப்படியே விட்டால் அடுத்தவரும் தடுமாறுவார். நம் நாட்டில் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கவே எத்தனை இழுபறி!

[காலை 8:30] செந்தில்: பெரியப்பா, புகாரை அழித்துவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. மங்களூரில் மூன்று முறை சொல்லத் தெரிந்தவர், விமானத்தைத் தன் கையில் எடுத்திருக்கலாமே?

[காலை 8:41] பெரியப்பா: அவர் எடுக்கவில்லை என்பதை அறிக்கையும் குறிப்பிடுகிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் மூத்தவர், மேலதிகாரி. அவர் கையில் இருப்பதைப் பிடுங்குவதென்றால் லேசா? அதை அந்தத் துணை விமானியின் துணிச்சலுக்கு மட்டும் விட்டுவிடக்கூடாது. இரண்டு முறை எச்சரித்தும் பதில் இல்லை என்றால் மூன்றாவது வார்த்தை "கட்டுப்பாடு என்னிடம்" என்பதாக இருக்க வேண்டும் என்று, பறப்பது போலவே பயிற்சி தரும் சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பழக்க வேண்டும். கேப்டனும் கையை எடுத்துவிடப் பழக வேண்டும். மேலே ஏறியதற்காக எந்த விமானியிடமும் விளக்கம் கேட்கக்கூடாது, எரிபொருள் செலவைச் சொல்லிக் காட்டவும் கூடாது.

[காலை 8:43] மீனா அக்கா: செந்தில், பாராட்டுக் கடிதத்தில் இரண்டு விமானிகளையும் குறிப்பிடு. கேப்டனை மட்டும் எழுதிவிடாதே.

[காலை 8:44] செந்தில்: சரி அக்கா. டாக்ஸி வந்துவிட்டது, போகிற வழியிலேயே எழுதிவிடுகிறேன்.